வன்நோட்டிலிருந்து ஒப்சிடியனுக்கு: மாற்றுமுன் பாமினியைக் கவனியுங்கள்

போன மாதம் என் குறிப்புகள் முழுவதையும் மைக்ரோசொஃப்டின் குறிப்புச் செயலியான வன்நோட்டிலிருந்து, ஒப்சிடியன் என்ற இன்னொரு குறிப்புச் செயலிக்கு மாற்றினேன். வீட்டுக் கணக்கு, கிளினிக் திகதிகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதிவைத்த சமையல் பக்கங்களைத் திறந்தால், ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அன்றிரவு உவர்மலை வீட்டில் எனக்கு நித்திரையே இல்லை.

காரணம், அந்தப் பக்கங்களை நான் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எழுதியிருந்தேன். பாமினியில் ரைப் செய்த தமிழ் கணினிக்குள் ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கிறது; எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. ஒப்சிடியனின் மார்க்டவுன் கோப்போ வெறும் எழுத்து மட்டும். எழுத்துருவின் பெயர் அதோடு வராது. ஒன்றும் அழியவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் மாற்றிய பிறகு திருத்துவதைவிட முன்னரே திருத்துவது சுகம்.

முதலில் வன்நோட்டில் பழைய பக்கமொன்றைத் திறந்து, அதில் தெரிகிற ஒரு சொல்லை யுனிகோட்டில் (இப்போது ஃபோனிலும் இணையத்திலும் எழுதும் தமிழில்) தேடுங்கள். கண்முன்னே இருந்தும் தேடலில் அகப்படாவிட்டால் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள், அநேகமாகப் பாமினிதான். அந்தப் பக்கத்தில் உள்ளதைக் கொப்பி செய்து, பாமினி–யுனிகோட் மாற்றியில் போட்டு, வரும் தமிழை அதே பக்கத்தில் ஒட்டுங்கள்.

முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குழப்பிவிடும். அம்மாவின் மருந்துப் பெயர்கள் எனக்கு அப்படித்தான் போயின. மருந்துச் சிட்டையை வைத்துத் திரும்ப எழுதினேன். பந்தி பந்தியாகச் செய்யுங்கள். வங்கி விபரம் உள்ள பக்கங்களை இணைய மாற்றிகளில் ஒட்டவே வேண்டாம், கையால் ரைப் செய்யுங்கள்.

மிச்சம் இலகு. வன்நோட்டில் கடவுச்சொல் போட்ட பகுதிகளின் பூட்டை நீக்குங்கள். ஒப்சிடியனில் ‘இம்போர்ட்டர்’ ப்ளக்இன்னை (வேறு செயலிகளின் குறிப்புகளை உள்ளே கொண்டுவரும் துணைக்கருவியை) நிறுவி, வன்நோட்டைத் தெரிவுசெய்து, மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, வேண்டிய பகுதிகளைக் குறித்து இறக்குங்கள். ஒப்சிடியனை நான் விரும்புவது, குறிப்புகள் என் கணினியிலேயே சாதாரண கோப்புகளாக இருப்பதால்தான். இணையம் இல்லாத நேரத்திலும் நோட்பேடிலேயே திறக்கலாம்.

பிற்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி, கூகுளின் குறிப்புச் செயலியான கூகுள் கீப்பைப் பற்றிக் கேட்டிருந்தா. கூகுளில் உள்ள உங்கள் தரவுகளை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் கீப்பை மட்டும் தெரிவுசெய்து, வரும் சிப் கோப்பை அவிழ்க்காமல் அப்படியே இம்போர்ட்டரிடம் கொடுங்கள். எதிலிருந்து மாறினாலும், படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.