எம் 42 லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரிலும் புதிய மிர்ரர்லெஸ்ஸிலும் மாட்டுவது எப்படி?

எம் 42 என்பது பழைய ஃபிலிம் கேமராக்களில் திருகி மாட்டும் லென்ஸ் வகை. ஹீலியோஸ் 44-2, சூப்பர் டகுமார், பென்டகான் லென்ஸ்கள் எல்லாம் ஒரே திருகு மரை: விட்டம் 42 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் அடாப்டரை வாங்கும் முன் பார்க்க வேண்டியது விலையை அல்ல, மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து) சென்சார் வரையுள்ள தூரத்தை. எம் 42 லென்ஸுக்கு அது 45.46 மி.மீ.

கேனன் டிஎஸ்எல்ஆர்களின் இஎஃப் மவுண்டில் அந்தத் தூரம் 44 மி.மீ. மீதமுள்ள 1.46 மி.மீ.க்கு ஒரு மெல்லிய வளையம் போதும். சோனி மிர்ரர்லெஸ்களின் இ மவுண்டில் 18 மி.மீ.தான், ஆகவே 27.46 மி.மீ. நீளக் குழாய் வேண்டும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களின் எஃப் மவுண்டில் சிக்கல்: அங்கே 46.5 மி.மீ. லென்ஸ் 1.04 மி.மீ. தள்ளி நிற்பதால் 58 மி.மீ. குவியத்தூரமுள்ள ஹீலியோஸில் ஏறத்தாழ மூன்றேகால் மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. நடுவில் கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர் தூரத்தைச் சரிசெய்யும், ஆனால் படத்தின் கூர்மை குறையும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் மட்டும் வைத்திருப்பவர் எம் 42 பக்கம் போகாமல் நிக்கானின் பழைய ஏஐ லென்ஸ்களையே தேடலாம்.

அடுத்து லென்ஸின் பின்புறத்தைப் பாருங்கள். சிறிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அது அழுந்தினால்தான் அப்பர்சர் (லென்ஸுக்குள் ஒளியைக் கட்டுப்படுத்தும் துளை) மூடும். லென்ஸில் ஏ/எம் (ஆட்டோ/மேனுவல்) சுவிட்ச் இருந்தால் எம்-இல் வைத்தால் போதும். சுவிட்ச் இல்லாத லென்ஸுக்கு, உள்விளிம்பு வைத்த அடாப்டர் வேண்டும். அந்த விளிம்புதான் ஊசியை அழுத்தும். சாதா வளையத்தை மாட்டினால் அப்பர்சரை எஃப் 8-இல் வைத்தாலும் லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். ஹீலியோஸ் 44-2-இல் ஊசியே கிடையாது, இந்த இரு வகை அடாப்டரும் ஒத்துவரும்.

முதலில் அடாப்டரை லென்ஸில் திருகுங்கள். கையால் இறுகும் அளவு போதும். மிகையாக முறுக்கினால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. சிக்கிக்கொண்டால் ரப்பர் கையுறை போட்டுத் திருப்புங்கள், இடுக்கி வேண்டாம். பிறகு கேமராவில் மாட்டுங்கள். தூரக் குறிகள் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால், பல மிர்ரர்லெஸ் அடாப்டர்களில் உள்ள மூன்று நுண்ணிய திருகுகளைத் தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பலாம்.

சோனியில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ அமைப்பை இயக்காவிட்டால் கேமரா படமே எடுக்காது. உடலிலேயே நடுக்கக் கட்டுப்பாடு இருந்தால் லென்ஸின் குவியத்தூரத்தை 58 என்றே பதியுங்கள், சென்சார் சிறியது என்று கிராப் கணக்கால் பெருக்க வேண்டாம். கேமராவின் பயன்முறை ஏ (அப்பர்சர் முன்னுரிமை) அல்லது எம் (மேனுவல்). மிர்ரர்லெஸ்ஸில் உருப்பெருக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். டிஎஸ்எல்ஆரில் லென்ஸை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு அப்பர்சரை மூடி எடுங்கள். மூடியபின் வியூஃபைண்டர் இருண்டுவிடும்.

கேனன் 5டி போன்ற முழுச்சட்டக (ஃபிலிம் சட்டத்தின் அளவு சென்சார் கொண்ட) உடல்களில் இன்னொரு ஆபத்து. சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4-இன் பின்பகுதி முடிவிலியில் (மிகத் தொலைவுக்கு ஃபோகஸ் வைக்கும்போது) பின்னோக்கி நீள்வதால் கேமராவின் மேலெழும் பிரதிபலிப்புக் கண்ணாடி அதில் தட்டும். முதல் படத்தை மிக அருகில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முடிவிலிக்குப் போங்கள். தட்டும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக முடிவிலிச் சோதனை. இரவில் நட்சத்திரத்தையோ தொலைதூரக் கோபுர விளக்கையோ பாருங்கள். அடாப்டர் 0.1 மி.மீ. நீளம் கூடினாலே 58 மி.மீ. லென்ஸ் சுமார் 34 மீட்டரோடு நின்றுவிடும். அந்த அடாப்டரை மாற்றித்தான் ஆக வேண்டும். சற்றுக் குட்டையாக இருந்தால் முடிவிலி கொஞ்சம் முன்னதாகவே வரும், அவ்வளவுதான்.