தூளி ஆடும் நேரத்துக்கு ஒரு வேலை

வீட்டிலிருந்தபடி பகுதி நேரமாக மொழிபெயர்க்கிறேன். பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு ஒன்றரை. எனக்குப் பெரிதும் கைகொடுத்தது, எந்த வேலைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று பார்த்துப் பிரித்துக்கொண்டதுதான்.

மதியம் சின்னவள் தூளியில் ஒன்றரை மணி நேரம் தூங்குவாள். அது மொழிபெயர்ப்புக்கு மட்டும். பாத்திரம் தொட்டியில் கிடக்கட்டும், துணி கொடியிலேயே இருக்கட்டும். மெயிலுக்குப் பதில் போடுவது, பில் தயாரிப்பது எல்லாம் பிள்ளைகள் விழித்திருக்கும்போது; நடுவில் எழுந்து போனாலும் கெட்டுப்போகாத வேலைகள் அவை. மொழிபெயர்க்கும்போதே தூளி அசைந்தால், நிறுத்திய இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி தட்டிவிட்டு எழுவேன். திரும்பி வந்து அதைத் தேடினால் நேராக அந்த வரியில் போய் நிற்கலாம்.

இரண்டு நாளில் முடிகிற வேலைக்கு நான்கு நாள் கேளுங்கள். ஒருமுறை காய்ச்சலோடு மடியில் கிடந்தவளைத் தட்டிக்கொடுத்தபடி ஒற்றைக் கையால் டைப் செய்து அனுப்பினேன். அந்த இரவு யாருக்கும் வர வேண்டாம்.

அப்புறம் பணம். இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். 'வரிதான் இல்லையே' என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். தூக்கத்தைக் கெடுத்துச் சம்பாதித்த காசு அது.