பல்புலன் அறைக்குக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒளி, ஒலி, தொடுதல், மணம் போன்ற புலன் தூண்டல்களை அவரவருக்கு ஏற்ற அளவில் தரும் அறையே பல்புலன் அறை. அதை அமைப்பதென்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது விற்பனையாளரின் கருவிப் பட்டியலைத்தான். அதிலுள்ள படங்களில் குமிழித் தூண் (ஒளியூட்டிய நீர்க்குழாயில் குமிழிகள் மேலெழும் கருவி) பொங்கிக்கொண்டிருக்கும், சுவரில் நட்சத்திரங்கள் சுழலும், ஒளியிழைகள் அருவிபோல் விழும். எல்லாம் ஒரே நேரத்தில். அந்தப் படத்தைப் பார்த்து அறையை நிரப்புவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இத்தகைய அறைகளில் வேலை செய்து வருகிறேன். ஒரு கருவியை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம், அது என்னென்ன செய்யும் என்று கேட்பதற்கு முன், அதை மட்டும் தனியே அணைக்க முடியுமா என்றுதான் கேட்கிறேன். ஒரே பொத்தானில் முழு அறையும் உயிர்பெறும் அமைப்பு பார்வையாளர்களுக்கு வியப்பூட்டலாம். அறையைப் பயன்படுத்த வேண்டியவரோ அதில் திணறிப்போகிறார்.

1970-களில் நெதர்லாந்தில், அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கான டி ஹார்டன்பெர்க் இல்லத்தில் பணியாற்றிய யான் ஹுல்செகேயும் அட் வெர்ஹூலும் இவ்வகை அறைகளை உருவாக்கி, அவற்றுக்கு ‘ஸ்னூசெலன்’ என்று பெயரிட்டார்கள். மோப்பம் பிடித்துத் தேடுவதைக் குறிக்கும் டச்சுச் சொல்லையும், கண்ணயர்வதைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து உண்டாக்கிய பெயர் அது. கருவி வாங்குவோர் இந்த இரண்டு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் தேடத் தூண்டும் கருவி வேறு, அமைதிப்படுத்தும் கருவி வேறு. மெல்ல நிறம் மாறும் விளக்கு கண்ணயரச் செய்யும். தொட்டவுடன் ஒலியெழுப்பும் பலகை எழுந்து உட்காரச் செய்யும். இரண்டையும் அருகருகே வைத்து ஒன்றாக இயக்கினால் இரண்டின் பயனும் கெடும்.

பயன்படுத்தப் போகிறவரைப் பற்றிய ஒரு பக்கம்

கருவிப் பட்டியலைத் திறப்பதற்கு முன், அறையைப் பயன்படுத்தப் போகும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எதைத் தேடிப் போகிறார், எதைக் கண்டு விலகுகிறார், உடலில் எந்த அசைவை நினைத்தபோது செய்ய முடிகிறது, கையில் கிடைப்பதை வாயில் வைக்கிறாரா, வலிப்பு, ஆஸ்துமா, இதய பேஸ்மேக்கர் போன்றவை உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வாரமாவது அன்றாட வாழ்வில் அவரைக் கவனிப்பது நல்லது. சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையும், மேசைக்கு அடியில் புகுந்து ஒடுங்கிக்கொள்ளும் குழந்தையும் எந்தக் கருவி தேவை என்பதைத் தாமே சொல்லிவிடுகிறார்கள். முதல் குழந்தைக்கு அசையும் ஒளி. இரண்டாம் குழந்தைக்கு இருட்டும் அழுத்தமும் தரும் ஒரு சிறு கூடாரம்.

நிலைமைக்கு ஏற்பத் தேர்வு மாறுவதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் சொல்லிவிடுகிறேன். கண்ணில் குறையில்லாமல், மூளை காட்சியை உணர்வதில் சிக்கல் உள்ள குழந்தைக்குப் பல வண்ணக் கோலங்கள் வெறும் இரைச்சல். கறுப்புப் பின்னணியில், சிவப்போ மஞ்சளோ ஒரே நிறத்தில் மெல்ல அசையும் ஒரு பொருளே அக்குழந்தையின் பார்வையை ஈர்க்க வாய்ப்பு அதிகம். டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கோ, கண்ணாடியில் தெரியும் தன் உருவமே யாரோ அந்நியராகத் தோன்றி அச்சமூட்டலாம். தரையில் விழும் நகரும் ஒளி நீராகவும், கருநிற விரிப்பு பள்ளமாகவும் தெரிந்து கால் தடுமாறலாம். குழந்தைகளும் முதியவர்களும் ஒரே அறையைப் பகிர்வதாக இருந்தால், கண்ணாடிக்கு முன் இழுத்து மூடும் திரையும், எடுத்து வைக்கக்கூடிய விரிப்பும் அவசியம்.

முதலில் இருட்டு

வெளிச்சக் கருவிக்குச் செலவழிப்பதற்கு முன் இருட்டுக்குச் செலவழியுங்கள். சன்னலின் விளிம்பில் ஒளி கசிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புரொஜெக்டரும் வெளிறிய படத்தையே காட்டும். கனமான திரைத்துணி, பளபளப்பற்ற வெளிர்நிறச் சுவர், மங்கலாக்கக்கூடிய பொது விளக்கு ஆகிய மூன்றையும் முடித்துவிட்டால், பிறகு வாங்க வேண்டியவை பாதியாகக் குறைந்துவிடும். சக்கர நாற்காலி முழுவதுமாகத் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கருவிகளைச் சுவரோரமாக அடுக்கும்போது இந்த இடத்தைத்தான் எல்லோரும் முதலில் இழக்கிறார்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பிளக் இடமும், கைக்கெட்டாத உயரத்தில் வயர்களும் இருப்பதை எலக்ட்ரீஷியன் உறுதிசெய்த பிறகே மற்றவை.

ஒளிக்கருவிகள்

குமிழித் தூண் இந்த அறைகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது, அதற்குத் தகுதியும் உண்டு: பார்க்கலாம், கட்டிப்பிடிக்கலாம், கன்னத்தை வைத்து அதிர்வை உணரலாம். ஆனால் அது நீர் நிறைந்த ஒரு தூண் என்பதை மறக்கக் கூடாது. உள்விட்டம் 15 செ.மீ., உயரம் 1.5 மீட்டர் கொண்ட தூணில் சுமார் 26 லிட்டர் நீர் நிற்கும், 20 செ.மீ. விட்டமும் 2 மீட்டர் உயரமும் என்றால் அது 62 லிட்டருக்கும் மேல், அதாவது 62 கிலோவுக்கும் மேல். ஆகவே மேல்முனையைச் சுவரோடு பிணைக்கும் பட்டை இல்லாமல் நிறுவக் கூடாது. சாய்ந்து உட்கார மெத்தை பொருத்திய அடிமேடை இருந்தால் நல்லது. குழாய் தடித்த அக்ரிலிக்காக இருக்கட்டும். மின்சாரம் நின்றவுடன் நீர் பம்புக்குள் இறங்கிவிடாதபடி தடுக்கும் ஒருவழி வால்வு உள்ளதா, நீரை வடிக்கத் தனிக் குழாய் உள்ளதா என்று கேளுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, உற்பத்தியாளர் சொல்லும் பாசித் தடுப்புத் திரவத்தைச் சேர்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை வடித்துக் கழுவ வேண்டியிருக்கும். அந்த வேலையை யார் செய்வார் என்ற கேள்விக்கு விடையில்லாவிட்டால், குமிழித் தூணை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

இதில் நானே செய்த பிழை ஒன்று உண்டு. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், குமிழித் தூணை ஓடவிட்டதும் காதைப் பொத்திக்கொண்டு கதவை நோக்கிப் போய்விடுவான். ஒளிதான் உறுத்துகிறது என்றெண்ணி நீலம், பச்சை, வெள்ளை என்று நிறத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். காதைப் பொத்துபவனுக்கு நிறத்தை மாற்றினேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மூன்றாம் நாள், அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்தபோதுதான், அடிமேடைக்குள் இருந்த காற்றுப் பம்பின் ரீங்காரம் மரப்பலகை வழியாக என் முதுகெலும்பில் ஏறியது. நின்றுகொண்டிருந்தபோது அது எனக்குக் கேட்கவே இல்லை. பம்பைப் பலகையிலிருந்து பிரித்து, தடித்த ரப்பர் பாதங்களின் மேல் தனியாக வைத்த பிறகு, அவன் அறையில் தங்கத் தொடங்கினான். அன்றிலிருந்து எந்தக் கருவியையும் ஓடவிட்டு, பயன்படுத்தப் போகிறவர் இருக்கும் உயரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தோ படுத்தோ பார்க்காமல் வாங்குவதில்லை.

ஒளியிழைகளை, அதாவது ஃபைபர் ஆப்டிக் இழைகளை, நான் மிகவும் விரும்புகிறேன். ஒளிமூலம் தனிப்பெட்டியில் இருப்பதால் இழைகளில் மின்சாரம் பாய்வதில்லை, அவை சூடாவதும் இல்லை; மடியில் போட்டுக்கொள்ளலாம், விரல்களில் சுற்றிக்கொள்ளலாம். நுனி மட்டும் ஒளிரும் வகையைவிட, நீளம் முழுவதும் ஒளிரும் வகையே கைகளுக்கு ஏற்றது. இழைகளை நெருக்கி மடித்தால் உள்ளே முறிந்து ஒளி நின்றுவிடும். கடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இழைகளின் மேல் ஒளி ஊடுருவும் உறை தேவை.

வலிப்பு பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூவர் அளவில்தான் ஒளித்துடிப்பால் வலிப்பு தூண்டப்படுகிறது என்றாலும், அந்த மூவர் யார் என்பது முன்கூட்டியே தெரியாமல் இருக்கலாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எந்த அமைப்பும் இந்த அறையில் இருக்கக் கூடாது. விட்டுவிட்டு வேகமாக மின்னும் ‘ஸ்ட்ரோப்’ வசதி இருந்தால் அதை நிரந்தரமாக முடக்க முடிய வேண்டும். மலிவான எல்இடி விளக்குகள் மங்கலாக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதுண்டு; கைபேசியின் ஸ்லோமோஷன் கேமராவில் பிடித்துப் பார்த்தால் கருப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். ஓடினால் வேறு விளக்கைப் பாருங்கள்.

புறஊதா விளக்கில் ஒளிரும் பொருள்கள், முன்சொன்ன பார்வைச் சிக்கல் உள்ள குழந்தைகளிடம் பயன்படக்கூடும். ஆனால் குழாய் நேரடியாகக் கண்ணில் படாதபடி பொருத்த வேண்டும். ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்துகளை உட்கொள்பவர் உண்டா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இயக்கும் உரிமை அவர் கையில்

பணம் குறைவாக இருந்தால் ஒளிக்கருவி ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது சுவிட்சுகளை வாங்குங்கள் என்பேன். தலையைச் சற்றே சாய்க்க மட்டும் முடிந்த ஒருவர், கன்னத்தருகே பொருத்திய சுவிட்சை அழுத்தித் தூணின் நிறத்தைத் தானே மாற்றும்போது, அறை அவருக்குக் காட்டப்படும் ஒன்றாக இல்லாமல் அவர் ஆளும் ஒன்றாகிறது. இத்தகைய சுவிட்சுகள் பெரும்பாலும் 3.5 மி.மீ. மோனோ ஜாக் எனப்படும் சிறு செருகுமுனையில் முடிகின்றன. ஆகவே வாங்கும் கருவியில் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் சுவிட்சை மட்டுமே ஏற்கும் கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. அழுத்தியிருக்கும்வரை இயங்குவது, ஒருமுறை அழுத்தினால் குறிப்பிட்ட நேரம் இயங்குவது, ஓர் அழுத்தத்தில் தொடங்கி மறு அழுத்தத்தில் நிற்பது என மூன்று முறைகளும் இருக்க வேண்டும். நேரக் கெடு வைக்கும் முறையே தொடக்கத்துக்கு ஏற்றது, ஏனெனில் இயக்கம் நிற்கும்போதுதான் ‘மீண்டும் வேண்டும்’ என்ற எண்ணம் எழுகிறது. அழுத்தத்துக்கும் விளைவுக்கும் இடையே தாமதம் இருந்தால் காரணமும் விளைவும் மனத்தில் இணையாது. கடையிலேயே அழுத்திப் பாருங்கள்.

உடலில் படுபவை

உள்ளே கனமான மணிகள் போன்றவை வைத்துத் தைத்த எடைப் போர்வைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு வழக்கில் உள்ளது. அதைவிட முக்கியமான விதி, போர்த்தப்பட்டவர் தாமாகவே அதை விலக்க முடிய வேண்டும் என்பது. 2008-இல் கனடாவின் கியூபெக்கில் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் எடைப் போர்வையில் சுற்றப்பட்டதையடுத்து உயிரிழந்தான். போர்வையை உருட்டிச் சுற்றக் கூடாது, முகத்தை மூடக் கூடாது, தனியே விட்டுச் செல்லக் கூடாது.

ஊஞ்சல் வாங்கினால், தாங்குதிறனைக் கணக்கிடும்போது உட்காருபவரின் எடையோடு நிறுத்திவிடாதீர்கள். செங்குத்திலிருந்து 60 பாகை விலகி இறங்கும் ஊஞ்சல் அடிப்புள்ளியைக் கடக்கும்போது, கொக்கியில் விழும் இழுவிசை இருப்பவரின் எடையைப்போல் இருமடங்காகிறது. உடன் ஒருவர் குதித்து ஏறினால் இன்னும் கூடும். கூரையைக் கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே துளை போடுங்கள். கூரை தாங்காது என்றால், தரையில் வைக்கும் ஆடுநாற்காலி சமநிலை உணர்வுக்குப் போதுமான தூண்டலைத் தரும்.

தாழ்ந்த அதிர்வெண் ஒலியை உடலில் செலுத்தும் அதிர்வு மெத்தைகள், நார்வேயின் ஓலாவ் ஸ்கில்லே தொடங்கிவைத்த முறையைப் பின்பற்றி 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையில் இயங்குகின்றன. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் இரத்த உறைவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

தொடுபொருள்களுக்குப் பெரிய செலவு தேவையில்லை. சணல், வெல்வெட், கூழாங்கல், தூரிகை என்று வெவ்வேறு பரப்புகளைப் பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டலாம். கண்ணாடி என்றால் அக்ரிலிக் மட்டுமே. பொத்தான் பேட்டரி உள்ள பொருள்களில் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். விழுங்கப்பட்ட பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மணத்தைக் கடைசியாகச் சேருங்கள். ஒளியை ஒரு நொடியில் அணைக்கலாம், மணத்தை அணைக்க முடியாது. அடுத்து வருபவருக்கு அது ஆஸ்துமாவைத் தூண்டலாம். கற்பூரமும் யூகலிப்டஸும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. தேவைப்பட்டால் மூடியுள்ள சிறு புட்டியில் பஞ்சை நனைத்து, அவரே திறந்து முகரட்டும்.

எதை முதலில் வாங்குவது

மெத்தை விரிப்பு, புரொஜெக்டர் அல்லது ஒளியிழை இவற்றில் ஒன்று, ஒரு சுவிட்ச், ஒரு நல்ல ஒலிபெருக்கி ஆகிய இவ்வளவோடு அறையைத் திறந்துவிடலாம். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய உறைகளும், தீப்பற்றாத் துணியும், உதிரி பம்பும் விளக்கும் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்ற எழுத்துமூல உறுதியும் வாங்கும்போதே கேட்க வேண்டியவை. விற்பனையாளர் ஒரு வாரம் கருவியைத் தந்து சோதித்துப் பார்க்கச் சொன்னால் அவருக்கே முன்னுரிமை கொடுங்கள்.

கதவருகே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடுங்கள். யார் வந்தார், எது ஓடியது, மூச்சு தணிந்ததா, கை நீண்டதா, தலை திரும்பியதா, எத்தனை நிமிடத்தில் போதும் என்றார் என்பதை ஒவ்வொரு முறையும் இரண்டு வரியில் எழுதி வந்தால், ஆறு வாரத்தில் அடுத்து வாங்க வேண்டிய கருவியின் பெயர் அந்த நோட்டிலேயே இருக்கும்.