இரு மொழிகளை இணைக்கும்போது வரும் "லைப்ரரி கிடைக்கவில்லை" பிழை: காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் செய்முறை

பைத்தானிலோ ஜாவாவிலோ எழுதிய நிரலிலிருந்து சி அல்லது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய லைப்ரரியை அழைக்கத் தொடங்கும் எவருக்கும், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று கணினி சொல்லும் நிலை விரைவிலேயே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பலரும் லைப்ரரியைப் பத்து கோப்புறைகளில் நகலெடுத்து வைத்துப் பார்க்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் தற்செயலாக வேலை நடந்துவிட்டால், காரணம் தெரியாமலேயே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதே நிரல் இன்னொரு கணினிக்குப் போகும்போது அதே பிழை திரும்பி வருகிறது. எனவே ஊகத்தை முற்றிலும் கைவிட்டு, நிரல் ஓடும்போது லைப்ரரியைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் லோடர் எங்கே தேடியது, எதைத் தேடியது என்று அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக, "கணி" என்ற பெயரில் சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு லைப்ரரி நம்மிடம் இருப்பதாகவும், அது "துணை" என்ற வேறொரு லைப்ரரியைச் சார்ந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். லினக்ஸில் இதன் கோப்பு லிப்கணி.எஸ்ஓ, விண்டோஸில் கணி.டிஎல்எல், மேக்கில் லிப்கணி.டைலிப். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

படி 1: பிழை எந்தக் கட்டத்தில் வருகிறது?

நிரல் கம்பைல் ஆகும்போதா, லிங்க் ஆகும்போதா (கம்பைல் ஆன துண்டுகள் லைப்ரரிகளோடு இணைக்கப்படும் கட்டம்), ஓடும்போதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஹெடர் கோப்பு (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) கிடைக்கவில்லை என்று கம்பைலர் சொன்னால், அது லைப்ரரிப் பிரச்சினையே அல்ல; ஹெடர் இருக்கும் கோப்புறையை ஹைஃபன் பெரிய ஐ மூலம் காட்டினால் தீர்ந்துவிடும்.

லிங்க்கர் "ஹைஃபன் எல் கணி கிடைக்கவில்லை" என்று சொன்னால், அது லிப்கணி.எஸ்ஓ அல்லது லிப்கணி.ஏ என்ற பெயரைத் தேடித் தோற்றிருக்கிறது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில், நிரல் ஓடத் தேவையான பொதியில் லிப்கணி.எஸ்ஓ.1 என்று பதிப்பு எண்ணோடு கூடிய கோப்பு மட்டுமே பொதுவாக இருக்கும். எண் இல்லாத பெயர், "டெவ்" என்று முடியும் தனிப் பொதியில்தான் வரும். ஃபெடோராவில் அது "டெவெல்" என்று முடியும். ஆகவே லைப்ரரி நிறுவப்பட்டிருந்தும் லிங்க் செய்ய முடியவில்லை என்றால், அந்த டெவ் பொதியை நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

"அன்டிஃபைன்ட் ரெஃபரென்ஸ்" என்று வந்தால், ஒரு ஃபங்ஷனின் உடல் லிங்க்கருக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். லைப்ரரியைக் கட்டளையில் குறிப்பிடவே மறந்திருக்கலாம். குறிப்பிட்டிருந்தால் வரிசையைப் பாருங்கள். டாட் ஏ வகை லைப்ரரிகளை, அவற்றைப் பயன்படுத்தும் கோப்புகளுக்குப் பின்னால்தான் கட்டளையில் எழுத வேண்டும்.

புதியவர்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடம் ஒன்று உண்டு. லிங்க் செய்யும்போது ஹைஃபன் பெரிய எல் மூலம் காட்டிய கோப்புறை, அந்த லிங்க் வேலைக்கு மட்டுமே பயன்படுகிறது. நிரல் ஓடும் நேரத்தில் லோடர் அதை அறியாது. எனவே பிழையில்லாமல் லிங்க் ஆன நிரல், ஓடத் தொடங்கியதும் லைப்ரரி இல்லை என்று நின்றுவிடுவது முற்றிலும் இயல்பானது. இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஓடும் நேரப் பிழையைப் பற்றியவை.

படி 2: செய்தியில் யாருடைய பெயர் இருக்கிறது?

பிழைச் செய்தியை முழுவதும் படியுங்கள். நீங்கள் ஏற்றச் சொன்னது லிப்கணி.எஸ்ஓ, ஆனால் லினக்ஸ் தரும் செய்தியில் லிப்துணை.எஸ்ஓ கிடைக்கவில்லை என்று இருந்தால், கணி கிடைத்துவிட்டது, அது சார்ந்திருக்கும் துணைதான் கிடைக்கவில்லை. கணியை எத்தனை இடங்களில் நகலெடுத்து வைத்தாலும் இந்தப் பிழை போகாது.

விண்டோஸ் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அங்கே 126 என்ற பிழை எண், கேட்ட கோப்போ அது சார்ந்திருக்கும் கோப்புகளில் ஏதேனும் ஒன்றோ கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. கணி.டிஎல்எல் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது உறுதியாகத் தெரிந்தும் 126 வந்தால், அது சார்ந்திருப்பவற்றின் பக்கம் உடனே திரும்புங்கள்.

படி 3: கோப்பின் வகை பொருந்துகிறதா?

64 பிட் நிரல் ஒன்று 32 பிட் லைப்ரரியைத் தன் செயல்முறைக்குள் ஏற்ற முடியாது. லினக்ஸிலும் மேக்கிலும் "ஃபைல்" என்ற கட்டளைக்கு லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால், அது எந்தப் புராசஸருக்காக உருவாக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். விண்டோஸில் இந்தப் பொருத்தமின்மை பெரும்பாலும் 193 என்ற பிழை எண்ணாக வெளிப்படுகிறது. ஆப்பிள் 2020 முதல் தன் சொந்த ஆர்ம் புராசஸர்களுக்கு மாறிவிட்டதால், மேக்கில் இன்டெலுக்காக உருவாக்கிய டைலிப் கோப்பை ஆர்ம் பைத்தான் ஏற்க மறுப்பது அடிக்கடி நடக்கிறது.

லைப்ரரியைப் பார்ப்பதோடு, அதை அழைக்கும் பைத்தானையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரக்ட் மாட்யூலின் கால்க்சைஸ் ஃபங்ஷனுக்கு, பாயின்டர் என்ற சொல்லின் முதல் எழுத்தான பெரிய எழுத்து பி என்ற சரத்தைக் கொடுங்கள். 8 என்று விடை வந்தால் உங்கள் பைத்தான் 64 பிட், 4 என்று வந்தால் 32 பிட்.

படி 4: சார்ந்திருப்பவற்றின் பட்டியலை எடுங்கள்

லினக்ஸில் "எல்டிடி" என்ற கட்டளைக்கு லைப்ரரியின் பாதையைக் கொடுத்தால், அது சார்ந்திருக்கும் ஒவ்வொரு லைப்ரரியும் எங்கே கிடைத்தது என்று வரிவரியாகக் காட்டும்; கிடைக்காதவற்றின் எதிரே "நாட் ஃபவுண்ட்" என்று இருக்கும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சில சூழ்நிலைகளில் எல்டிடி அந்தக் கோப்பையே இயக்கிப் பார்க்கக்கூடும் என்பதால், நம்பிக்கையற்ற இடத்திலிருந்து வந்த கோப்புகளின் மீது அதைப் பயன்படுத்தாதீர்கள். "ரீட்எல்ஃப்" கட்டளையை ஹைஃபன் சிறிய டி (டைனமிக் என்பதன் முதல் எழுத்து) உடன் கொடுத்தால், எதையும் இயக்காமல் "நீடட்" என்ற வரிகளில் நேரடிச் சார்புகளைக் காட்டிவிடும்.

மேக்கில் இதே வேலையை "ஓடூல்" ஹைஃபன் பெரிய எல் செய்கிறது. 2020இல் வந்த பிக் சர் பதிப்பு முதல், மேக்கின் சொந்த லைப்ரரிகள் வட்டில் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதில்லை. ஓடூல் காட்டும் பாதையில் போய்ப் பார்த்து, அங்கே கோப்பு இல்லை என்று பதற வேண்டாம். அவற்றை லோடர் தன் பொதுச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில், விசுவல் ஸ்டூடியோவோடு வரும் "டம்ப்பின்" கருவியை "டிபென்டென்ட்ஸ்" என்ற தெரிவோடு இயக்கினால் பட்டியல் கிடைக்கும்.

எல்டிடி தரும் விடை, நீங்கள் அதை இயக்கிய டெர்மினலின் சூழலுக்கு உரியது. நிரல் ஓர் எடிட்டருக்குள்ளிருந்தோ பின்னணிச் சேவையாகவோ ஓடும்போது அந்தச் சூழல் வேறாக இருக்கலாம். டெர்மினலில் ஓடும் நிரல் எடிட்டரில் ஓடவில்லை என்றால் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

படி 5: லோடர் எங்கே தேடுகிறது?

இந்தப் படியில் நிதானமாக நிற்பது மிகவும் பயன் தரும். லினக்ஸ் லோடருக்குக் கொடுக்கும் பெயரில் சாய்கோடு இருந்தால், அதைப் பாதையாகவே எடுத்துக்கொண்டு நேராக அங்கே போகிறது. சாய்கோடு இல்லாவிட்டால் மட்டுமே தேடுகிறது. கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கும் ஆர்பாத் என்ற தேடல் பாதை, அடுத்து எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி, பிறகு கோப்புக்குள் இருக்கும் ரன்பாத், அதன்பின் எல்டிகான்ஃபிக் உருவாக்கி வைத்திருக்கும் பட்டியல், கடைசியாக முறைமையின் வழக்கமான லைப்ரரிக் கோப்புறைகள் என்பது வரிசை. ரன்பாத் இருக்கும் கோப்பில் ஆர்பாத் பொருட்படுத்தப்படுவதில்லை.

நீங்கள் நின்றுகொண்டிருக்கும் கோப்புறை இந்த வரிசையில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பைத்தானில், சி லைப்ரரிகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் மாட்யூலின் சிடிஎல்எல் அழைப்புக்கு லிப்கணி.எஸ்ஓ என்ற வெறும் பெயரைக் கொடுத்தால், பக்கத்திலேயே இருக்கும் கோப்பு கிடைக்காமல் போவது இதனால்தான். முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால் வேலை நடக்கும். ஆனால் நிரலை வேறு கோப்புறையிலிருந்து இயக்கியதும் மீண்டும் உடையும். பைத்தான் கோப்பு இருக்கும் இடத்தை அதன் ஃபைல் மாறியிலிருந்து (பெயரின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு இருக்கும்) பெற்று, அதிலிருந்து முழுப் பாதையைக் கட்டி, அதையே சிடிஎல்எல் அழைப்புக்குக் கொடுப்பதுதான் சரியான வழி.

எந்த இடத்தில் தவறியது என்று இன்னும் தெரியவில்லையா? எல்டி_டீபக் என்ற சூழல் மாறிக்கு "லிப்ஸ்" என்ற மதிப்பைக் கொடுத்து நிரலை இயக்குங்கள். லோடர் தான் தட்டிப் பார்த்த ஒவ்வொரு பாதையையும் வரிசையாக அச்சிடும். வெளிவருவது நீளமாகத்தான் இருக்கும். லிப்துணை என்ற பெயரைத் தேடி அந்த வரிகளை மட்டும் படித்தால் போதும். லினக்ஸில் இத்தனை தெளிவான விடை தரும் வேறு கருவியை நான் அறியேன். ஆயினும் அறிமுகப் பாடங்கள் பலவற்றில் இது இடம்பெறுவதே இல்லை.

எல்டி_லைப்ரரி_பாத் மாறியை லோடர் நிரல் தொடங்கும்போதே படித்துவிடுகிறது. பைத்தான் ஓடத் தொடங்கிய பிறகு ஓஎஸ்.என்விரான் வழியாக அதை மாற்றுவதால், அதே நிரலில் எந்தப் பயனும் இல்லை. நிர்வாகி உரிமை தரும் சூடோ மூலம் இயக்கும்போதும் இந்த மாறி பொதுவாக நீக்கப்பட்டுவிடும். மேக்கில் 2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பிலிருந்து, பாதுகாக்கப்பட்ட முறைமை நிரல்களைத் தொடங்கும்போது டிஒய்எல்டி என்று தொடங்கும் மாறிகள் கைவிடப்படுகின்றன.

விண்டோஸில் பைத்தான் 3.8 ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதுவரை பாத் மாறியில் இருந்த கோப்புறைகளிலும் சார்புக் கோப்புகள் தேடப்பட்டன, 3.8 முதல் சிடைப்ஸும் பைத்தானின் நீட்சி மாட்யூல்களும் இயல்பாக அங்கே தேடுவதில்லை. துணை.டிஎல்எல் இருக்கும் கோப்புறையை ஓஎஸ் மாட்யூலின் ஆட்_டிஎல்எல்_டைரக்டரி அழைப்பின் மூலம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பாத் மாறியை மட்டும் மாற்றச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்றைய பைத்தானுக்கு உதவாமல் போவதன் காரணம் இதுவே.

ஜாவாவில் சிஸ்டம்.லோட்லைப்ரரி அழைப்புக்கு "கணி" என்று மட்டுமே கொடுக்க வேண்டும். முன்னொட்டையும் பின்னொட்டையும் ஜாவாவே சேர்த்துக்கொள்ளும். முழுப் பாதையைக் கொடுக்க விரும்பினால் அதற்குச் சிஸ்டம்.லோட் என்ற வேறு அழைப்பு இருக்கிறது. ஜாவா.லைப்ரரி.பாத் என்ற பண்பு, நீங்கள் நேரடியாக ஏற்றும் கணிக்கு மட்டுமே வழிகாட்டுகிறது. கணி சார்ந்திருக்கும் துணையைத் தேடுவது இயக்க முறைமையின் லோடர். அதற்கு ஜாவாவின் பண்புகள் எதுவும் தெரியாது.

படி 6: நிலையான தீர்வைத் தேர்ந்தெடுங்கள்

சோதித்துப் பார்ப்பதற்குச் சூழல் மாறி போதும். பிறருக்குக் கொடுக்கும் நிரலுக்கு அதை நம்பியிருக்கக் கூடாது. கணினி முழுவதற்கும் பொதுவான லைப்ரரி என்றால், அதன் கோப்புறையை ஈடிசி கோப்புறையிலுள்ள எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்பதற்குள் ஒரு கோப்பில் எழுதி, எல்டிகான்ஃபிக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்குங்கள். மூலத்திலிருந்து கட்டி "மேக் இன்ஸ்டால்" செய்த லைப்ரரி கிடைக்காமல் போனால், பெரும்பாலும் எல்டிகான்ஃபிக்கை ஒருமுறை இயக்கினாலே சரியாகிவிடும்.

கணியும் துணையும் ஒரே கோப்புறையில் உங்கள் நிரலோடு சேர்ந்தே பயணிக்கும் என்றால், கணியை லிங்க் செய்யும்போது டாலர் குறியோடு கூடிய ஒரிஜின் என்ற சொல்லை ஆர்பாத்தாகக் கொடுங்கள். "நான் இருக்கும் கோப்புறையிலேயே தேடு" என்று அது லோடருக்குச் சொல்கிறது. அதை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் எழுதாவிட்டால், ஷெல் அதைத் தன் மாறியாகக் கருதி வெறுமையாக்கிவிடும். மேக்கில் இதற்கு ஈடானது அட் குறியோடு தொடங்கும் லோடர்_பாத். ஏற்கெனவே கட்டப்பட்ட கோப்பில் இதைப் பின்னர் சேர்க்க லினக்ஸில் பேட்ச்எல்ஃப் உதவுகிறது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். லிப்துணை.எஸ்ஓ.1 இல்லை, லிப்துணை.எஸ்ஓ.2 இருக்கிறது என்பதற்காக, எஸ்ஓ.2 கோப்பை எஸ்ஓ.1 என்ற பெயரில் காட்டும் குறியிணைப்பை (சிம்லிங்க்) உருவாக்காதீர்கள். பழைய நிரல்களோடு பொருந்தாத மாற்றம் வந்துவிட்டது என்பதைச் சொல்வதற்காகவே லைப்ரரியின் ஆசிரியர் அந்த எண்ணை மாற்றுகிறார். பிழைச் செய்தி மறைந்துவிடும். நிரல் நடுவில் சரிந்து விழலாம், அல்லது சத்தமில்லாமல் தவறான விடைகளைத் தரலாம். இரண்டாவது நேர்ந்தால் அதைக் கண்டறிவது மிகக் கடினம்.

படி 7: லைப்ரரி கிடைத்தும் ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்றால்

செய்தியில், பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.34 போன்ற ஒரு பதிப்பு கிடைக்கவில்லை என்று இருந்தால், லைப்ரரி புதிய லினக்ஸில் கட்டப்பட்டு, பழைய லினக்ஸில் ஓடுகிறது. பழையதில் கட்டியது புதியதில் ஓடும், மாறாக ஓடாது. எனவே நீங்கள் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய பதிப்பில் கட்டுங்கள். ஆல்பைன் லினக்ஸ் ஜிலிப்சிக்குப் பதிலாக மசில் என்ற வேறு சி லைப்ரரியைப் பயன்படுத்துவதால், அதற்கென்று தனியே கட்ட வேண்டும்.

"அன்டிஃபைன்ட் சிம்பல்" என்றோ, பைத்தானில் அந்த ஃபங்ஷன் இல்லை என்றோ வந்தால், "என்எம்" கட்டளையை ஹைஃபன் பெரிய டி (இதுவும் டைனமிக் என்பதன் முதல் எழுத்து) உடன் லைப்ரரியின் மீது இயக்கிப் பாருங்கள். "கூட்டு" என்று நீங்கள் எழுதிய ஃபங்ஷன், முன்னும் பின்னும் எழுத்துகளும் எண்களும் ஒட்டிய உருவில் தெரிந்தால், சி பிளஸ் பிளஸ் கம்பைலர் அதன் பெயரை மாற்றியிருக்கிறது. வெளியிலிருந்து அழைக்க வேண்டிய ஃபங்ஷன்களை எக்ஸ்டர்ன் "சி" என்ற அறிவிப்புக்குள் வைத்தால் பெயர் மாறாமல் இருக்கும்.

ஜாவாவில் இதே நிலை அன்சாட்டிஸ்ஃபைட்லிங்க்எரர் என்ற பிழையாகவே வருகிறது. லைப்ரரி கிடைக்காதபோது வருவதும் இதே பெயர்தான் என்பதால், அதைத் தொடர்ந்து வரும் வரியைப் படித்துத்தான் பிரித்தறிய முடியும்: ஜாவா.லைப்ரரி.பாத் என்று இருந்தால் கோப்பு கிடைக்கவில்லை, மெத்தடின் பெயர் இருந்தால் ஃபங்ஷன் கிடைக்கவில்லை. சி பக்கத்தில் ஃபங்ஷனின் பெயர் ஜாவா என்ற சொல், பேக்கேஜ், கிளாஸ், மெத்தட் ஆகியவற்றை அடிக்கோடுகளால் இணைத்ததாக இருக்க வேண்டும். அசல் பெயரிலேயே அடிக்கோடு இருந்தால், அது அடிக்கோடும் 1உம் சேர்ந்ததாக மாறும். இதைக் கையால் எழுத வேண்டாம். ஜாவாசி கட்டளையை ஹைஃபன் சிறிய எச் தெரிவோடும் ஒரு கோப்புறையின் பெயரோடும் இயக்கினால், சரியான பெயர்கள் கொண்ட ஹெடர் கோப்பு அங்கே உருவாகும். அதிலிருந்து அறிவிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸையோ பேக்கேஜையோ வேறு பெயருக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஹெடரை மீண்டும் உருவாக்கி, லைப்ரரியையும் மீண்டும் கட்டுங்கள்.