துருப்பிடித்த நட்டு போல்ட்டைக் கழற்றுவது எப்படி: பழைய தோட்டத்து பெஞ்சை வைத்து ஒரு செய்முறை

இரண்டு பக்கமும் வார்ப்பிரும்புக் கால், நடுவில் மர ரீப்பர் அடித்த பழைய பெஞ்ச் ஒன்று வாசலிலோ மொட்டை மாடியிலோ மழையில் நனைந்து கிடக்கிறதா? அதைப் புதுப்பிக்கும்போது பெயிண்ட் வேலையைவிட அதிக நேரம் பிடிப்பது ரீப்பர்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுவதுதான். ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: காப்பாற்ற வேண்டியது காலை, போல்ட்டை அல்ல. போல்ட் போனால் ஹார்டுவேர் கடையில் வேறு கிடைக்கும். வார்ப்பிரும்பு அடி பட்டால் வளையாது, விரிசல் விடும். அதை வெல்டிங் வைப்பது எல்லாப் பட்டறையிலும் சரியாக வராது.

பெஞ்சைச் சாக்கு விரித்துத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். அடியில் படுத்துக்கொண்டு செய்தால் எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதே குழம்பிவிடும், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். நட்டு நம் முகத்தைப் பார்த்து இருக்கும்போது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும்.

அடுத்து கம்பி பிரஷ். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் துருவும் பழைய பெயிண்ட்டும் அப்பியிருக்கும், அதைத் தேய்த்து எடுக்காமல் ஸ்பானரைத் தொடாதீர்கள். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும், மரைக்குள் இருக்கும் துளி இடைவெளியில் ஆப்பு இறக்கியது போல அது உட்கார்ந்துவிடும். வெளியே உள்ள மரையிலும் அதே துரு இருந்தால், நட்டு கால் சுற்று வந்து மறுபடி நின்றுவிடும்.

அப்புறம் எண்ணெய். பெனட்ரேட்டிங் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள், துருவுக்குள் ஊறிப்போகவென்றே தயாரிப்பது அது. எல்லோர் வீட்டிலும் இருக்கிற டபிள்யூடி-40, 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டவும் துரு வராமல் தடுக்கவும் உருவாக்கியது. வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக. டீசல், மண்ணெண்ணெய் இருந்தாலும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், ரொம்பக் கெட்டி. நட்டும் மரையும் சேரும் இடத்தில் விட்டு, நட்டின் பட்டையில் சின்னச் சுத்தியலால் லேசாக நாலு தட்டு தட்டுங்கள், எதிர்ப்பக்கம் கனமான இரும்பு ஒன்றை முட்டுக் கொடுத்துக்கொண்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். மாலையில் ஒரு தரம், படுக்கப் போகுமுன் ஒரு தரம் விட்டுவிட்டு, காலையில் வாருங்கள்.

இனி ஸ்பானர். ஸ்க்ரூ ரெஞ்ச் வேண்டவே வேண்டாம், அதன் வாய் அசைந்து நட்டின் ஆறு முனையையும் மழுங்கடித்துவிடும். ரிங் ஸ்பானரோ, உள்ளே ஆறு முனை உள்ள பாக்ஸ் ஸ்பானரோ போடுங்கள். 8 மிமீ போல்ட் என்றால் நட்டுக்குப் பெரும்பாலும் 13 மிமீ ஸ்பானர். ஆனால் பழைய சாமானில் இரண்டு நூல், இரண்டரை நூல், மூன்று நூல் என்று அங்குலக் கணக்கு வரும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அரை அங்குல நட்டு 12.7 மிமீ, அதற்கு 13 போட்டால் சரியாக உட்கார்ந்தது போலவே இருக்கும், அழுத்தும்போதுதான் வழுக்கும். சரி, மாட்டியாச்சு. உடனே கழற்றப் பார்க்காமல் முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். டக்கென்று ஒரு சத்தம் வந்தால் துருவின் பிடி விட்டது என்று அர்த்தம். பிறகு அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி என்று முன்னும் பின்னுமாகப் போங்கள்.

பெஞ்சில் பெரிய தொல்லை, போல்ட்டும் நட்டோடு சேர்ந்து சுற்றுவது. இந்தப் போல்ட்டுக்கு மேலே வழவழப்பான குமிழ்த் தலை, அதன் கீழ் சதுரக் கழுத்து. அந்தச் சதுரம் மரத்தில் கவ்வி நிற்க வேண்டும். மரம் உளுத்துப்போனால் கவ்வ ஒன்றும் இருக்காது. ரீப்பரை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் உளியால் மரத்தைப் பிளந்து எடுத்துவிடுங்கள், சதுரக் கழுத்து வெளியே வந்துவிடும், அதை வைஸ் கிரிப்பால் (கடித்தபடியே பூட்டிக்கொள்ளும் கொறடு) பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பலாம். மரம் நல்ல தேக்கு, வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், குமிழ்த் தலையில் ஆக்சா பிளேடால் ஒரு காடி அறுத்து ஸ்க்ரூ டிரைவரால் பிடியுங்கள்.

அதற்கும் மசியவில்லையா, நட்டை அறுத்துவிடுங்கள். போல்ட்டுக்கு இணையாக நட்டின் ஒரு பட்டையில் ஆக்சா பிளேடை மேலிருந்து கீழே ஓட்டி, முக்கால்வாசி அறுத்ததும் வெட்டில் இரும்பு உளியை வைத்து ஒரு தட்டு, நட்டு பிளந்துகொள்ளும். உளி வைக்கும்போது பெஞ்சின் காலுக்கு அடியில் மரக்கட்டை முட்டு இருக்கட்டும். கிரைண்டர் என்றால் கண்ணாடி கட்டாயம், எண்ணெயையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், பொறி பட்டால் பற்றும். நெருப்பு காட்டிக் கழற்றும் வழியும் உண்டு, ஆனால் புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்: வார்ப்பிரும்பு ஒரே இடத்தில் சூடேறினாலும் விரிசல் விடும், நட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் அந்தப் புகை நல்லதல்ல.

திருப்பிப் போடும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்குங்கள், கடலோர வீடு என்றால் 304-ஐ விட 316 தரம் தாங்கும். மரையில் கிரீஸ் தடவி, கையாலேயே மெதுவாக ஏற்றுங்கள். ஸ்டெயின்லெஸ் மரையை உலர்வாக, மெஷின் வைத்து வேகமாக முறுக்கினால் துரு இல்லாமலே பிடித்துக்கொள்ளும். புது ரீப்பர் காயக்காயக் கொஞ்சம் சுருங்கும், ஓரிரு மாதம் கழித்து எல்லா நட்டையும் ஒரு தரம் இறுக்கிவிடுங்கள்.