இலங்கைக் காட்டுக்கு எந்த விடுமுறையில் போவது?

கொங்கு நாட்டில் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பக் கிடைக்கும் நாட்கள் ஏறக்குறைய முன்பே முடிவானவை. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மே மாதம், காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள். பனியன் கம்பெனியோ விசைத்தறியோ தொழில் என்றால் தீபாவளியும் பொங்கலும். ஆகவே இலங்கைக்குக் காட்டு விலங்கு பார்க்கப் போக விரும்புகிறவர், நல்ல மாதம் எது என்று விசாரிப்பதை விட, தம் கையில் இருக்கும் விடுமுறையில் அங்கே எந்த விலங்கு கண்ணில் படும் என்று விசாரிப்பதே பயன் தரும். சுற்றுலா முகவர்கள் சொல்லும் 'சீசன்' பெரும்பாலும் கடற்கரையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. காட்டின் கணக்கு, தண்ணீர் எப்போது எங்கே வற்றுகிறது என்பதில் தொடங்குகிறது.

அந்தத் தீவின் மழையைப் புரிந்துகொள்ள நமக்குத் தனிப் பாடம் தேவையில்லை. ஆடியில் வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறில் மழை கொட்டும்போது காங்கேயத்தில் வெறும் காற்றுதான் வீசிக்கொண்டிருக்கும். இலங்கையிலும் நடுவில் மலை நிற்பதால் இதே கதைதான்: மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தீவின் தென்மேற்குப் பகுதியை நனைக்கிறது, வடக்கும் கிழக்கும் அப்போது காய்ந்து கிடந்து, ஐப்பசிக்குப் பிறகு வரும் மழையில்தான் நிரம்புகின்றன. சிங்கராஜா மழைக்காட்டை வால்பாறையாகவும், யானைகள் கூடும் மின்னேரியாவைக் காங்கேயமாகவும் எண்ணிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் காலாண்டு விடுமுறையைச் சொல்கிறேன், ஏனெனில் நம்மில் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பங்குனி, சித்திரையில் பவானிசாகர் அணையின் நீர் இறங்கும்போது, வெளியே தெரியும் நிலத்தில் முளைக்கும் புல்லைத் தேடிச் சத்தியமங்கலம் காட்டு யானைகள் கரைக்கு வருவதைப் பார்த்தவர்கள் இங்கே உண்டு. மின்னேரியாவிலும் நடப்பது அதுவே, அளவு மட்டும் பெரிது. ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் நடுவில், மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய ஏரி அது. மார்கழி மழையில் நிரம்பும் அந்த ஏரியிலிருந்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் விட விட, ஜூலை முதல் அக்டோபர் வரை அதன் படுகை பசும்புல் வெளியாகிறது. சுற்றுக் காடுகள் வறண்ட நேரம் பார்த்து யானைக் கூட்டங்கள் குட்டிகளோடு அங்கே வந்து சேர்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பர்தான் உச்சம். நல்ல ஆண்டில் ஒரே மாலையில் நூற்றுக்கு மேற்பட்ட யானைகளையும், சில சமயம் முந்நூறு வரையிலும் பார்க்கலாம். காலையில் போய்ப் பயனில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் கூட்டம் காட்டை விட்டு வெளியே வரும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு, அங்கிருந்து விடப்படும் தண்ணீரால் வறண்ட மாதங்களிலும் மின்னேரியா நிறைந்தே நிற்கும் ஆண்டுகள் உண்டு. படுகை வெளிப்படாவிட்டால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் யானையும் இல்லை. எனவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஹபரணையில் தங்கப்போகும் விடுதிக்குத் தொலைபேசி செய்து, ஏரியில் புல்வெளி தெரிகிறதா, யானைகள் இப்போது மின்னேரியாவில் நிற்கின்றனவா, பக்கத்திலுள்ள கவுடுல்லவில் நிற்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பயணத்தோடு, தீவின் தென்கிழக்கிலுள்ள யால தேசியப் பூங்காவின் சிறுத்தையையும் சேர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். யாலவின் முதன்மைப் பகுதியைச் செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடு வரை வறட்சி காரணமாக மூடிவிடுவது வழக்கம்.

சிறுத்தைக்கு மே மாதம் நல்லது. புலியோ சிங்கமோ இல்லாத அந்தத் தீவில் சிறுத்தையே காட்டின் தலைவன் என்பதால், நம் டாப்ஸ்லிப்பில் ஒளிவதைப் போல அது அவ்வளவாக ஒளிவதில்லை. பிப்ரவரிக்குப் பிறகு குட்டைகள் சுருங்கச் சுருங்க, எஞ்சிய தண்ணீரருகே காத்திருப்பவர்க்கு வாய்ப்புக் கூடுகிறது. மே கடைசியில் பாலைப்பழம் பழுக்கத் தொடங்கும். பள்ளி திறப்பதைச் சற்றுத் தள்ளிப்போட முடிகிறவர்கள் ஜூனில் போனால், கரடி மரமேறிப் பழம் தின்பதையும் பார்க்கலாம். கிழக்கே குமண தேசியப் பூங்காவில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதும், திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் தென்படுவதும் இதே பருவத்தில்தான். சிங்கராஜாவை மட்டும் அப்போது விட்டுவிடலாம். மழையோடு அட்டைகளும் சேர்ந்துகொள்ளும்.

அரையாண்டுக்கும் பொங்கலுக்கும் தெற்குக் கடற்கரை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் கடல் அடங்கியிருப்பதால், மிரிஸ்ஸவிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் படகுகளில் நீலத் திமிங்கிலத்தைத் தேடிப் போகலாம். பூந்தலவின் உப்பங்கழிகளில் வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும். கடலாமை முட்டையிடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதே பருவத்தில் அந்தமானின் வடகோடியிலுள்ள காளிப்பூர் கடற்கரையையும் யோசிக்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே ஆமைகள் கரையேறுகின்றன. மே கடைசியில் அந்தமானுக்குப் போவது வீண் செலவு. கேரளத்துக்கும் முன்பே, மே 20 வாக்கில், பருவமழை அங்கே இறங்கிவிடும். கப்பல் ஓடுமா என்பதே நிச்சயமில்லை.

தீபாவளிக்கு இலங்கைக் காட்டைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்டோபர், நவம்பரில் தீவு முழுவதும் பிற்பகலில் இடி மழை பெய்யும், புயல் சின்னமும் உருவாகும். எங்கும் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகள் சிதறிவிடும். வேறு நாளே கிடையாது என்கிறவர்கள் உடவளவை தேசியப் பூங்காவுக்குப் போகலாம், அங்கே ஆண்டு முழுவதும் யானை உண்டு.

மாதத்தை முடிவு செய்த பின் நாட்காட்டியில் பௌர்ணமியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' என்னும் அரசு விடுமுறை. அன்றைக்கும் அதை ஒட்டிய சனி, ஞாயிறுகளிலும் உள்ளூர்க் கூட்டமே யாலவை நிறைத்துவிடும், ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது ஜீப்புகள் நிற்கும். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் அங்கே தமிழரும் சிங்களரும் சேர்ந்தே ஊருக்குப் போய்விடுவதால், அறை கிடைத்தாலும் ஓட்டுநர் கிடைப்பது அரிது.