காதல் கதையின் ஒன்லைனைச் செப்பனிட ஒரு வழி

தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும் முன், உங்கள் ஒன்லைனில், அதாவது முழுக் கதையையும் ஒரே வரியில் சொல்லும் சுருக்கத்தில், காதலர்களைப் பிரிப்பது எது என்பதை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். 'குடும்ப எதிர்ப்பு', 'விதி' போன்ற பொதுச் சொற்கள் வந்தால், கதை இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். தடை, நாள் குறிக்கக்கூடியதாகவும், இருவரில் ஒருவருடைய செயலோடு பிணைந்ததாகவும் இருக்க வேண்டும்.

1986இல் வெளியான 'மௌன ராகம்' படம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. விருப்பமின்றி மணந்தவள் விவாகரத்து கேட்கிறாள். ஆனால் திருமணமாகி ஓராண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், பிரிய முடிவெடுத்த இருவரும் ஒரே வீட்டில் வாழ நேர்கிறது. காலக்கெடு, நெருக்கம், மனமாற்றத்துக்கான வாய்ப்பு ஆகிய மூன்றையும் அந்த ஒற்றை விதியே கொடுத்துவிடுகிறது.

'வசதியான வீட்டுப் பெண்ணை ஏழை இளைஞன் காதலிக்கிறான்' என்ற வரியை இப்படி மாற்றலாம்: 'அப்பாவின் பாத்திரக் கடையை மீட்பதற்காகக் கடன் கொடுத்தவரிடமே கணக்கெழுதச் சேரும் இளைஞன், தான் நேசிக்கும் அவர் மகளின் கையெழுத்தில்தான் கடை தை மாதம் ஏலத்துக்குப் போகிறது என்று அறிகிறான்.' இதில் அவளுக்கும் ஒரு முடிவு இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாயகியை வெறும் பரிசாக வைக்கும் ஒன்லைன் இரண்டாம் பாதியில் கட்டாயம் தொய்ந்துவிடும்.

பெயர்கள், பாடல் சூழல்கள், பின்கதை அனைத்தையும் நீக்கிய பிறகு, கதை தெரியாத ஒருவரிடம் அந்த ஒன்லைனை வாய்விட்டுச் சொல்லி, அவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி காதலர்களைப் பற்றியதாக இல்லாவிட்டால், தடையை மறுபடி எழுதுங்கள்.